மலையக இணைப்பில் தடுமாறும் ஸ்கிரிப்ட்: வெப் சேவையோடு பேசும் நிரலில் பிழை தேடும் முழுமையான வழிகாட்டி

மடுவத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்தின் எடைக் கொட்டகையில், நிறுக்கும் கொழுந்தின் எடையைப் பதிந்து ஒரு வெப் சேவைக்கு அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்டை எழுதி முடிக்க ஒரு நாள் போதும். அதே ஸ்கிரிப்ட் மஸ்கெலியாவிலோ தலவாக்கலையிலோ மழைக்காலம் முழுவதும் ஒரு பதிவையும் தொலைக்காமல், ஒரு பதிவையும் இரண்டாக்காமல் ஓடவேண்டும் என்றால் அது வேறு வேலை. மேட்டுக்குப் பின்னால் மறையும் 4ஜி சிக்னல், மாலை இடியோடு போகும் கரண்ட், ரீலோட் செய்ய மறந்த சிம் என்று இணைப்பு அறுந்துபோகக் காரணங்கள் பல. அறுவதை ஸ்கிரிப்டால் தடுக்க முடியாது. எந்த இடத்தில் அறுந்தது, அந்த நேரத்தில் தகவல் போய்ச் சேர்ந்ததா என்ற இரண்டையும் கண்டுபிடிக்கலாம். பிழை தேடும் வேலை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரு சாதாரண அமைப்பு. தராசோடு இணைந்த ராஸ்ப்பெரி பை அல்லது பழைய மடிக்கணினி, அதில் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, 4ஜி ரவுட்டர் ஒன்று. தொழிலாளர் எண், மலை எண், கிலோ, நேரம் ஆகிய நான்கையும் ஸ்கிரிப்ட் ஜேசன் என்ற உரை வடிவத்தில் கட்டி, தகவலை ஏற்றும் போஸ்ட் முறையில் அனுப்புகிறது. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கோடில் கை வைக்கும் முன்

பிழை வந்ததும் டைம்அவுட்டைக் கூட்டுவதும், ட்ரை-எக்ஸெப்ட் போட்டு மூடுவதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டும் தடயத்தை அழிக்கும். முதலில் பிழைச் செய்தி முழுவதையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் காட்டும் கடைசி வரியில் 'கனெக்‌ஷன் எரர்' என்று பொதுவாக இருக்கும். உண்மையான காரணம் அதே வரியின் அடைப்புக்குறிக்குள்ளோ, சில வரி மேலேயோ இருக்கும். பெயர் தெரியவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது, பாதியில் அறுந்தது ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள்.

அடுத்து, அதே கணினியில், அதே பயனராக, அதே இணைப்பில் கர்ல் (வெப் கோரிக்கையை நேரடியாக அனுப்பும் கருவி) கட்டளையை ஓட்டுங்கள். உங்கள் கைபேசியின் பிரவுசரில் பக்கம் திறக்கிறது என்பது எதையும் நிரூபிக்காது. அது வேறு சிம், வேறு டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை), வேறு சான்றிதழ்த் தொகுப்பு. கர்லுக்கு 'ஹைஃபன் வி' கொடுத்தால் ஒவ்வொரு கட்டமும் வரிவரியாக வரும். நட்சத்திரக் குறி உள்ள வரிகள் இணைப்பின் நிலை, வலப்பக்கம் கூர் உள்ள குறி நாம் அனுப்பியது, இடப்பக்கம் கூர் உள்ளது சர்வர் சொன்னது. இடக்கூர் வரி ஒன்றுகூட இல்லையென்றால் சர்வரின் பதில் நமக்கு வரவில்லை. அப்போது டோக்கனையும் (சேவைக்கு நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சரம்) ஜேசனையும் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கர்ல் தோற்று வெளியேறும்போது தரும் எண்ணையும் பாருங்கள். 6 என்றால் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை. 7 என்றால் முகவரி கிடைத்தும் இணைய முடியவில்லை. 28 டைம்அவுட். 35 டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) கைகுலுக்கலில் தோல்வி. 60 சான்றிதழை நம்ப முடியவில்லை. 52 என்றால் இணைந்தபின் சர்வர் ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டது.

தோற்காமல் இழுத்தடித்தால் நேரத்தை அளக்கவேண்டும். கர்லின் 'ஹைஃபன் டபிள்யூ' தெரிவில் டைம்_நேம்லுக்அப், டைம்_கனெக்ட், டைம்_ஆப்கனெக்ட், டைம்_ஸ்டார்ட்ட்ரான்ஸ்ஃபர், டைம்_டோட்டல் ஆகியவற்றைக் கேட்கலாம். இவை தனித்தனி நேரமல்ல, தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் எண்கள். வரிசையாக 5.02, 5.11, 5.34, 5.60, 5.61 என்று வருகிறது என்று வையுங்கள். பார்த்தவுடன் 'சர்வர் ஐந்து விநாடி தாமதம்' என்று தோன்றும். சர்வருக்கு ஆனது கால் விநாடிதான். ஐந்து விநாடியும் பெயர் தேடுவதில் போயிருக்கிறது. லினக்ஸில் முதல் டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் வழக்கமாக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். ரவுட்டர் கொடுத்த முதல் டிஎன்எஸ் முகவரி செத்துப்போனது. அதை நீக்கினால் வேகம் திரும்பும், ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டியதில்லை.

இணைப்பின் அடித்தளம்

பெயர் தெரிந்து, இணைப்பும் ஏற்பட்டு, டிஎல்எஸ் கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டால், அல்லது தகவலைக் கேட்கும் சின்ன கெட் போய் பெரிய போஸ்ட் மட்டும் தொங்கினால், எம்டியூவை, அதாவது ஒரே பொதியில் போகக்கூடிய உச்ச அளவை, சந்தேகியுங்கள். மொபைல் வலையமைப்பிலும் விபிஎன் வழியிலும் 1500 பைட் பொதி முழுதாகப் போகாமல் இருக்கலாம். லினக்ஸில் பிங் கட்டளைக்கு 'ஹைஃபன் பெரிய எம் டூ, ஹைஃபன் எஸ் 1472' கொடுங்கள், விண்டோஸில் 'ஹைஃபன் எஃப், ஹைஃபன் எல் 1472'. 1472 உடன் பொதியின் தலைப்புக்கான 28 பைட் சேர்ந்தால் 1500. இது போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் அளவைக் கண்டுபிடித்து, அதோடு 28 கூட்டி அந்த எண்ணை இடைமுகத்தின் எம்டியூ ஆக வையுங்கள்.

'ஹைஃபன் 4' கொடுத்தால் கர்ல் உடனே ஓடி, 'ஹைஃபன் 6' கொடுத்தால் தொங்கினால் ஐபிவி6 வழி உடைந்திருக்கிறது. ரவுட்டரில் அதைச் சரிசெய்யுங்கள்.

காலையில் முதல் பதிவு மட்டும் 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று தோற்று, இரண்டாவது சுகமாகப் போகிறதா? இரவு முழுதும் சும்மா கிடந்த இணைப்பை மொபைல் வலையமைப்பு மறந்துவிட்டது, ஸ்கிரிப்டின் செஷன் மட்டும் அது உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே செஷனை நாள் முழுக்க வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாகத் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

சேவை நடத்துபவர்கள் குறிப்பிட்ட ஐபி முகவரிகளை மட்டும் அனுமதித்திருந்தால் 4ஜி சிம்மில் அது நிலைக்காது. மொபைல் வலையமைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வார்கள், அந்த முகவரியும் மாறும். நேற்று ஓடி இன்று 403 வந்தால் இதையும் பாருங்கள். நிலையான முகவரி வேண்டுமென்றால் விபிஎன் ஒன்றின் வழியாகப் போவது ஒரு வழி.

கடிகாரம்

மலையகத்து அமைப்புகளில் இது தனித் தலைப்புக்கு உரியது, காரணம் கரண்ட். ராஸ்ப்பெரி பை 4 வரையான மாதிரிகளில் மின்சாரம் போனபின் நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. பை 5 இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிப் பொருத்தவேண்டும். கரண்ட் வந்து பை எழும்போது பழைய நேரத்தோடு எழும், இணையம் கிடைத்து என்டிபி (இணையவழி நேர ஒத்திசைவு) சரிசெய்யும்வரை அப்படியே இருக்கும். அந்த இடைவெளியில் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று டிஎல்எஸ் மறுக்கலாம். நேரத்தை வைத்துக் கையொப்பமிடும் சேவைகள் 401 அல்லது 403 தரலாம். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள் என்பதால் பரவாயில்லை. பிழையே வராமல் இன்று நிறுத்த கொழுந்து நேற்றைய தேதியில் செக்ரோலில் (தோட்டத்தின் வருகை, கூலிப் பதிவேட்டில்) ஏறுவதுதான் ஆபத்து.

'டைம்டேட்சிடிஎல்' கட்டளை, கடிகாரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று ஆம், இல்லை எனக் காட்டும். இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அனுப்பாமல் காத்திருக்கவேண்டும், பதிவிலும் 'நேரம் உறுதியில்லை' என்று ஒரு குறி இடவேண்டும். நிலையான தீர்வு, பேட்டரியுள்ள டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி ஒன்றைப் பையில் பொருத்துவது. சின்னப் பலகை, நான்கு கம்பிகள். மடுவத்தில் வைக்கும் எந்தப் பைக்கும் இதை நாம் கட்டாயம் என்றே சொல்வோம்.

நேரம் தவறும் அளவிலேயே காரணம் தெரியும். 19800 விநாடி வித்தியாசம் என்றால் அது ஐந்தரை மணி நேரம்: உள்ளூர் நேரத்தை யாரோ யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எழுதியிருக்கிறார்கள். 1800 விநாடி என்றால் நேர வலயத்தை ஆறு மணி நேரம் என்று கையால் வைத்திருக்கிறார்கள். இலங்கை 2006 ஏப்ரல் வரை அந்த நேரத்தில்தான் இருந்தது, பழைய அமைப்புகளிலிருந்து எடுத்த கோடில் அந்த எண் இன்னும் ஒட்டியிருக்கலாம். 'ஏசியா/கொழும்பு' என்ற வலயப் பெயரைப் பயன்படுத்துங்கள், அனுப்பும்போது யூடிசியில் அனுப்புங்கள்.

சான்றிதழ்

பிரவுசரில் திறக்கும் முகவரி கர்லில் 60, ஸ்கிரிப்டில் சான்றிதழ்ப் பிழை என்று தருகிறது என்றால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. பிரவுசர்கள் அதைத் தாமாகத் தேடியெடுத்தோ முன்பே வைத்திருந்தோ சமாளிக்கும், பைத்தான் சமாளிக்காது. திருத்தவேண்டியது சர்வர் பக்கம். மற்றது, உங்கள் கணினியிலுள்ள வேர்ச் சான்றிதழ்த் தொகுப்பு பழசு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குத் துணைநின்ற பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது புதுப்பிக்காத கருவிகள் பல ஒரே நாளில் நின்றது இதனால்தான். இயங்குதளத்தின் சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள், பைத்தானின் 'செர்டிஃபை' தொகுப்பையும் தனியாகப் புதுப்பியுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

'வெரிஃபை' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் ஓடும். ஆனால் அதன்பின் எதிரே நிற்பவர் யார் என்று பார்க்காமலே டோக்கனைக் கையில் கொடுக்கிறீர்கள். சோதனைக்குக்கூட வேண்டாம், சோதனைக்குப் போட்டது அப்படியே தங்கிவிடும்.

சர்வர் பதில் சொன்ன பிறகு

பதில் வந்துவிட்டால் முதலில் நிலை எண், அடுத்து உள்ளடக்க வகை, அதன்பிறகே ஜேசன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 'எக்ஸ்பெக்டிங் வேல்யூ, லைன் 1 காலம் 1' என்ற பிழை ஜேசன் கெட்டது என்று சொல்லவில்லை, அங்கே ஜேசனே இல்லை என்கிறது. பதிலின் முதல் 200 எழுத்துகளை அச்சிட்டுப் பாருங்கள். எச்டிஎம்எல் பக்கம் என்றால் அது சர்வருக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியின் பிழைப் பக்கமாகவோ, உள்நுழைவுப் பக்கமாகவோ, சில இணைப்புகளில் டேட்டா முடிந்ததும் காட்டும் அறிவிப்பாகவோ இருக்கும். ஒன்றுமே இல்லாமல் நிலை எண் 204 என்றால் பதிவு ஏறிவிட்டது, உள்ளடக்கம் இல்லை, அவ்வளவுதான். அதை ஜேசனாக்கப் போய்ப் பிழை வாங்கி, தோல்வி என்று எண்ணித் திரும்ப அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒரே எடையை இரண்டு முறை ஏற்றும்.

401 வந்தால் டோக்கன். கோப்பிலிருந்து படித்த டோக்கனின் வாலில் புதுவரிக் குறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், 'ஸ்ட்ரிப்' செய்யாமல் ஹெடரில் வைக்காதீர்கள். அது சரியென்றால் பயனரின் ஹோம் அடைவில் 'நெட்ஆர்சி' கோப்பு இருக்கிறதா பாருங்கள். அதில் அந்தச் சர்வருக்கான நுழைவுத் தகவல் இருந்தால், நீங்கள் கையால் வைத்த ஆத்தரைசேஷன் ஹெடரை ரிக்வெஸ்ட்ஸ் ஓசையில்லாமல் மாற்றிவிடும். 403 என்றால் பெரும்பாலும் டோக்கன் சரி, உரிமை இல்லை.

415 அல்லது 422 வந்தால் ஜேசனை எந்த அளவுருவில் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். டிக்‌ஷனரியை 'டேட்டா'வில் கொடுத்தால் படிவமாகப் போகும், 'ஜேசன்' அளவுருவில் கொடுத்தால்தான் ஜேசனாகப் போகும்.

ரீடைரக்ட் இன்னும் வஞ்சகமானது. முகவரியை எச்டிடிபி என்று எழுதியிருந்தால் சர்வர் 301 கொடுத்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பும். அப்போது ரிக்வெஸ்ட்ஸ் போஸ்டை கெட் ஆக்கிவிடும், உடல் தொலையும். கடைசியில் 405 வந்தால் அதிர்ஷ்டம். 200 வந்து பழைய பதிவுகளின் பட்டியல் திரும்பினால், ஸ்கிரிப்ட் வெற்றி என்று எழுதிக்கொள்ளும், சர்வரில் ஒன்றும் ஏறியிருக்காது. 307, 308 இரண்டில் மட்டும் முறை மாறாது. போஸ்டுக்கு 'அலவ் ரீடைரக்ட்ஸ்' என்பதை மூடிவையுங்கள், முகவரியைக் கடைசிச் சாய்கோடு வரை ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

நாம் அனுப்புவது என்ன என்பதில் சந்தேகம் இருந்தால் நெட்கேட் கருவியை 8080 போர்ட்டில் காதுகொடுக்க வைத்து, ஸ்கிரிப்டின் முகவரியை அங்கே திருப்பிவிடுங்கள். ஹெடர், உடல் எல்லாம் பச்சையாகத் திரையில் விழும்.

தமிழ்ப் பெயர்கள் கெடும்போது

'ஹட்டன்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு, யுடிஎஃப்-8 இல் 18 பைட். நீளத்தை எழுத்துக் கணக்கில் எண்ணி கன்டென்ட்-லெங்த் ஹெடரைக் கையால் எழுதும் கோட், ஆங்கிலப் பெயர்களில் சரியாக ஓடி, முதல் தமிழ்ப் பெயரில் உடலைப் பாதியில் வெட்டும். அந்த ஹெடரை லைப்ரரியிடமே விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் பதிலில், தலையில் கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறிமாறி வந்தால் தகவல் கெடவில்லை. யுடிஎஃப்-8 பைட்களை லத்தீன்-1 என்று வாசித்திருக்கிறது. ரெஸ்பான்ஸின் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வையுங்கள். விண்டோஸில் 'சார்மேப்' என்ற சொல்லோடு பிழை வந்தால் கோப்பைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். எக்ஸெல்லில் சேமித்த சிஎஸ்வியின் முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்கவில்லை என்றால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி இருக்கிறது, 'யுடிஎஃப்-8-சிக்' என்று திறங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் நம் ஊருக்கே உரியவை. பழைய பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. சேவைக்குப் போய்ச் சேரும், அங்கே யாராலும் வாசிக்க முடியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அடுத்தது, 'கொட்டகலை'யின் 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே இல்லை, ஒப்பிட்டால் பொருந்தாது. சர்வர் '404, அப்படி ஒரு பிரிவு இல்லை' என்கிறது, திரையில் பெயர் அச்சாகச் சரியாக இருக்கிறது என்றால் இதுதான். எல்லாப் பெயர்களையும் அனுப்புமுன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றுங்கள்.

போனதா, போகவில்லையா

ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது காலவரையின்றிக் காத்திருக்கும். சிக்னல் போன நேரத்தில் மாட்டினால் ஸ்கிரிப்ட் செத்ததுபோல் கிடக்கும், பிழையும் வராது. இணைய 10 விநாடி, வாசிக்க 30 விநாடி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். இணைவதற்கான பொதி வழியில் தொலைந்தால் கணினி தானாகவே சில முறை திரும்ப அனுப்பும், இரண்டு மூன்று விநாடியில் வெட்டினால் அதற்கு வாய்ப்பு குறைவு. வாசிப்பு டைம்அவுட் மொத்த நேரமல்ல, ஒரு துளி தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான மௌனம்.

இணையும்போதே தோற்றால், அதாவது பெயர் கிடைக்கவில்லை, கனெக்ட் டைம்அவுட், இணைப்பு மறுப்பு என்றால் கோரிக்கை போகவில்லை. தயங்காமல் திரும்ப அனுப்பலாம். நிலை எண் வந்தால் விடை கையில். நடுவில் இருப்பதுதான் இருட்டு: வாசிப்பு டைம்அவுட்டும் அனுப்பியபின் வந்த ரீசெட்டும். சர்வர் பதிவை ஏற்றி முடித்து, 'சரி' என்று சொன்ன பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒரு தொழிலாளியின் 18.5 கிலோ 37 ஆகும். அனுப்பாவிட்டால் அவர் பறித்தது கணக்கில் இல்லாமல் போகலாம். இது கூலியைத் தொடும் கணக்கு, ஊகத்துக்கு இங்கே இடமே கிடையாது.

வழி ஒன்றுதான். எடை விழுந்த அந்த நொடியிலேயே ஒரு யூயூஐடி (எங்கும் இரட்டிக்காத அடையாள எண்) உருவாக்கி, அதையே கீயாகப் பதிவோடு சேர்த்து, அதே கணினியில் எஸ்கியூலைட் தரவுத்தள அட்டவணையில் எழுதிவிட்டு, பிறகு அனுப்புங்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே கீயையே அனுப்புங்கள். சர்வர் உங்களுடையது என்றால் கீ உள்ள நெடுவரிசைக்கு 'யுனீக்' கட்டுப்பாடு போட்டு, இரண்டாம் முறை வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரச் செய்யுங்கள். வேறொருவருடைய சேவை என்றால் ஐடெம்பொட்டென்சி கீ (ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் கீ) ஹெடரை ஏற்கிறதா என்று ஆவணத்தில் தேடுங்கள். ஏற்காவிட்டால் திரும்ப அனுப்புமுன் தொழிலாளர் எண்ணும் நேரமும் கொடுத்து கெட் மூலம் விசாரியுங்கள். கீயை அனுப்பும் இடத்தில் உருவாக்குவது பரவலாக நடக்கும் தவறு, ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ வந்து பாதுகாப்பு முழுதும் வீணாகிறது.

ரிக்வெஸ்ட்ஸின் அடியில் ஓடும் யூஆர்எல்லிப்3 இன் ரீட்ரை வசதி, இணைந்தபின் தோற்ற போஸ்டைத் தானாகத் திரும்ப அனுப்பாது. அது வேண்டுமென்றே வைத்த தடை. கீ ஏற்பாடு முடிந்தபின் மட்டும் அதைத் திறங்கள்.

எழுதுவதும் அனுப்புவதும் தனித்தனி வேலைகளாக இருக்கட்டும். தராசுப் பக்கம் அட்டவணையில் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும், அனுப்பும் பக்கம் அனுப்பாத வரிகளை எடுத்து அனுப்பும். 2 இல் தொடங்கும் நிலை எண் வந்தபின்தான் 'அனுப்பியது' என்று குறிக்கவேண்டும். 429, 503 வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்லும் நேரம் காத்திருங்கள். 500, 502, 504 வந்தால் 2, 4, 8, 16 விநாடி என்று இரட்டித்து, உச்சம் 5 நிமிடம், அதோடு சில விநாடி தற்செயல் எண்ணையும் கூட்டுங்கள். பள்ளத்தாக்கு முழுதும் கரண்ட் ஒரே நேரத்தில் வரும்போது எல்லாக் கருவிகளும் ஒரே விநாடியில் சர்வரை மோதாமல் இருக்க அது வேண்டும். 400, 422 வந்த வரியைத் தனியே ஒதுக்கி ஆளுக்கு அறிவியுங்கள். ஒதுக்காவிட்டால் கெட்ட வரி ஒன்று பின்னால் நிற்கும் அத்தனையையும் மறிக்கும்.

எஸ்கியூலைட்டில் 'சிங்க்ரனஸ்' அமைப்பு 'ஃபுல்' ஆக இருக்கட்டும். எஸ்கியூலைட்டின் டபிள்யூஏஎல் முறையில் 'நார்மல்' வைத்தால் கரண்ட் போகும்போது கடைசிச் சில பதிவுகள் தொலையலாம்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரானுக்கு உங்கள் ஷெல்லின் சூழல் தெரியாது. பாத் வேறு, வேலை அடைவு வேறு, மொழி அமைப்பும் ப்ராக்ஸி மாறிகளும் இருக்காது. கிரானிலிருந்தே 'என்வ்' கட்டளையை ஓட்டி ஒரு கோப்பில் எழுதி, உங்கள் திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள், காரணம் அநேகமாக அங்கேயே கிடைக்கும். பைத்தானுக்கும் கோப்புகளுக்கும் முழுப் பாதை கொடுங்கள். பழைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமல் 'எஃப்லாக்' போடுங்கள்.

லாகில் யூடிசி நேரம், கீ, முகவரி, நிலை எண், ஆன நேரம், சர்வர் தந்த ரிக்வெஸ்ட் ஐடி, தோல்வியென்றால் பதிலின் முதல் 500 எழுத்து. டோக்கனை எழுதாதீர்கள். ரிக்வெஸ்ட் ஐடி இருந்தால் சேவை நடத்துபவரிடம் 'நேற்று மாலை போகவில்லை' என்று சொல்லி அலையவேண்டியதில்லை, அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

ஒப்படைக்குமுன் உடைத்துப் பாருங்கள்

அனுப்பிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரின் கரண்டைப் பிடுங்குங்கள். டிஎன்எஸ் முகவரியைத் தவறாக வையுங்கள். டோக்கனின் ஒரு எழுத்தை மாற்றுங்கள். சோதனைச் சர்வரில் பதிவை ஏற்றியபின் 40 விநாடி தூங்கச் செய்து வாசிப்பு டைம்அவுட்டை வேண்டுமென்றே வரவழையுங்கள், இதுதான் முக்கியமான சோதனை. கடைசியாகப் பையின் கரண்டையே எழுதும் நடுவில் நிறுத்தி, கடிகாரம் பின்தங்கியபடி எழவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எஸ்கியூலைட்டில் உள்ள கீகளையும் சர்வரில் உள்ள கீகளையும் இரண்டு பட்டியலாக எடுத்து, வரிசைப்படுத்தி, 'டிஃப்' ஓட்டுங்கள். வெளியீடு ஒரு வரிகூட வராமல் இருந்தால் அன்று மடுவத்தில் வைக்கலாம். ஒரு வரி வந்தாலும் அந்தக் கீயை லாகில் தேடி, எந்தக் கட்டத்தில் பிரிந்தது என்று பார்த்துவிட்டு முதல் சோதனையிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.